ஓர்வியேட்டோ: வசந்த காலத்தில் ஒரு பாறை நகரத்துக்குப் போய்வர முழுமையான வழிகாட்டி

ரோமுக்கும் ஃபுளோரன்ஸுக்கும் நடுவே, இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில் இருக்கிறது ஓர்வியேட்டோ. எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான ஒரு மேடையின் தலையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில், நாலாபுறமும் செங்குத்தாக இறங்கும் பாறைச் சுவரோடு நிற்கும் ஊர். ரோமானியர்களுக்கு முந்தைய இத்தாலிய இனத்தவரான எத்ருஸ்கர்கள் வாழ்ந்து, கி.மு. 264இல் ரோமானியர்கள் அழித்து, பிற்காலத்தில் போப்பாண்டவர்களே ஆபத்துக்கு ஓடிவந்து ஒதுங்கிய இடம்.

பெரும்பாலானவர்கள் ரோமிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். பேராலயத்தையும் கிணற்றையும் பார்க்க அது போதும். ஆனால் காலை 10 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் இருக்கும் ஊர் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. கீழே சொல்வதெல்லாம் இரண்டு இரவு தங்குபவர்களுக்கான கணக்கு.

1. முதலில் தேதி, பிறகுதான் டிக்கெட்

மார்ச்சில் பகல் வெப்பம் 13, 14 டிகிரியைச் சுற்றி இருக்கும். இரவில் 5 டிகிரிக்கு இறங்கும். ஏப்ரலில் பகல் 17, 18. மே மாதத்தில் 22, 23. மழை மூன்று மாதமும் வரும், நாள் முழுக்கப் பெய்வது குறைவு. நடக்க, பார்க்க, வெளியே உட்கார்ந்து சாப்பிட எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் தேர்வு மே 2ஆம் தேதிக்குப் பிறகான மூன்று வாரங்கள்.

ஏப்ரல் பாதிக்கு மேல் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இத்தாலியில் வீடுகள், விடுதிகளின் மைய வெப்பமூட்டியை எத்தனை தேதிவரை ஓட்டலாம் என்று சட்டமே வகுத்திருக்கிறது. மத்திய இத்தாலியின் இந்தப் பகுதியில் அது ஏப்ரல் 15உடன் முடிகிறது. அதன்பிறகு வெளியே இளவெயில் அடித்தாலும், ஒரு முழம் கனமுள்ள கல்சுவருக்குள் இரவு நடுக்கும். அறை எடுக்கும்போதே ‘கூடுதல் கம்பளி இருக்கிறதா, அறைக்குள் குளிர்-வெப்ப ஏசி இருக்கிறதா’ என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். ஏப்ரல் 20ஆம் தேதி போய் நின்று கேட்டால் விடுதிக்காரர் தோளைக் குலுக்குவார்; அவர்மேல் தப்பில்லை.

தவிர்க்க வேண்டிய நாட்கள்: ஈஸ்டர் ஞாயிறும் அதற்கு மறுநாள் திங்களும், ஏப்ரல் 25 (விடுதலை நாள்), மே 1, ஜூன் 2 (குடியரசு நாள்). 2027இல் ஈஸ்டர் மார்ச் 28. இந்த நாட்களை ஒட்டி வார இறுதி வந்தால் இத்தாலியர்களே குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். அறை வாடகை எகிறும்.

இதைவிட முக்கியம் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களை மதியத்துக்குப் பிறகுதான் விடுவார்கள். பக்கத்து ஊரான பாஞ்ஞோரேஜோவுக்குப் பேருந்து கிடையாது. மலை ரயிலும் தாமதமாகத்தான் தொடங்கும். போதாததற்கு ரோம் நகரவாசிகள் மதியச் சாப்பாட்டுக்கென்றே காரில் ஏறி வருவார்கள். ஆகவே புதன் மதியம் வந்து வெள்ளி மதியம் கிளம்புவதுதான் சிறந்த அமைப்பு. நடுவில் வரும் வியாழன் காலையில் பியாட்ஸா தெல் போப்போலோவில் சந்தையும் கூடும், சனிக்கிழமையும் உண்டு.

இந்த விதிக்கு விலக்கு இரண்டே ஞாயிறுகள். ஒன்று பெந்தெகொஸ்தே ஞாயிறு. அன்று நண்பகலில் தூய ஆவியின் அடையாளமான புறா, வாணவெடிக்கு நடுவே கம்பிவடத்தில் சர்ரென்று இறங்கிப் பேராலய வாசலுக்கு வந்து சேரும். பலோம்பெல்லா என்று பெயர். 2027இல் மே 16. இன்னொன்று கோர்ப்புஸ் தோமினி (கிறிஸ்துவின் திருவுடல் விழா) ஞாயிறு, 2027இல் மே 30. இடைக்கால உடையணிந்த நூற்றுக்கணக்கானோர் தெருக்களில் ஊர்வலம் வருவார்கள். இந்தத் திருவிழாவை உலகத் திருச்சபைக்கே அறிவித்த ஆணையை 1264இல் போப் நான்காம் உர்பன் வெளியிட்டது இந்த ஊரில் இருந்துதான் என்பதால், இங்கே அதற்குத் தனி மரியாதை. இந்த இரண்டில் ஒன்றுக்குப் போவதானால் நாலைந்து மாதம் முன்பே அறையைப் பிடிக்க வேண்டும்.

2. விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுத்தாக வேண்டும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, சேவை மையக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். சிக்கல் பெரும்பாலும் விசா முடிவில் வருவதில்லை, நேரம் ஒதுக்கிக் கிடைப்பதில் வரும். மே மாதப் பயணம் என்றால் ஜனவரி முடிவதற்குள் நேரத்தைப் பிடித்துவிடுங்கள். கோடை விடுமுறைக் கூட்டமும் அதே வரிசையில்தான் நிற்கிறது. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்து எடுத்து அந்தச் சீட்டை விண்ணப்பத்தில் வையுங்கள்.

3. அறை: மேலேயா கீழேயா

இணையத்தில் ‘ஓர்வியேட்டோ’ என்று தேடினால் இரண்டு ஊர்கள் கலந்து வரும். பாறைமேல் இருப்பது பழைய நகரம், சென்ட்ரோ ஸ்தோரிக்கோ. ரயில் நிலையத்தைச் சுற்றி அடிவாரத்தில் இருப்பது ஓர்வியேட்டோ ஸ்காலோ. கீழே வாடகை குறைவு, வரைபடத்தில் பார்த்தால் தூரமும் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் மலை ரயில் இரவு எட்டரை மணி வாக்கில் நின்றுவிடும். இத்தாலியில் இரவுச் சாப்பாடே ஏழரைக்குத்தான் தொடங்குகிறது. ஆகவே கீழே தங்கினால் ஒவ்வொரு இரவும் பாதித் தட்டில் எழுந்து ஓடவேண்டும், இல்லாவிட்டால் டாக்ஸிக்குக் கொடுக்கவேண்டும். இரண்டு இரவில் மிச்சமாகும் பணம் அதிலேயே போய்விடும்.

மேலே எடுக்கும்போது கேட்க வேண்டியவை: மின்தூக்கி உண்டா (பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்காது), எத்தனையாவது மாடி, நகர வரி வாடகையில் சேர்ந்ததா. அந்த வரி ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று தனியே, சில இடங்களில் ரொக்கமாக வாங்கப்படும். கோர்ஸோ கவூர் தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே தள்ளி எடுத்தால் சத்தமும் இருக்காது, நடையும் குறையும்.

4. ரயில்

ரோமிலிருந்து வட்டார ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், இன்டர்சிட்டியில் ஏறக்குறைய ஒரு மணி. ஃபுளோரன்ஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அதிவேக ஃப்ரெச்சாரோஸா ரயில்கள் இந்த ஊரைத் தாண்டிப் பறந்துவிடும். அவற்றில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வட்டார ரயிலுக்கு ரோமிலிருந்து சுமார் 9 யூரோ. முன்கூட்டி வாங்கினாலும் கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் ஒரே விலை, இருக்கை எண்ணும் கிடையாது. இன்டர்சிட்டிக்கு எண் உண்டு, முன்பே எடுத்தால் விலை குறையும், ஆனால் அந்த ரயிலைத் தவறவிட்டால் சீட்டும் போச்சு. விமானத்தில் இறங்கி நேரே வருகிறவர்கள் வட்டார ரயிலையே நம்புங்கள்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று:

- காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் இருக்கும் சிறிய இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். கைபேசிச் சீட்டாக இருந்தால் ஏறுமுன் அதிலேயே ‘செக்-இன்’ அழுத்த வேண்டும். பணம் கட்டிய சீட்டு கையில் இருந்தும் அபராதம் கட்டுபவர்கள் எல்லோரும் இதில் கோட்டை விட்டவர்கள்.

- அறிவிப்புப் பலகையில் ‘ஓர்வியேட்டோ’ என்று இருக்காது. ரயிலின் கடைசி ஊர்தான் இருக்கும், பெரும்பாலும் ஃபுளோரன்ஸ் அல்லது அரெட்சோ. ரயில் எண்ணைக் குறித்துவைத்து அதைத் தேடுங்கள்.

- உங்கள் ரயில் தெர்மினியில் புறப்படுகிறதா திபுர்த்தினாவிலா என்று சீட்டில் பாருங்கள். இரண்டும் வேறுவேறு நிலையங்கள்.

மூன்றாவது விஷயம் விமான நிலையத்திலேயே முடிவாகிவிடும். ஃபியுமிச்சினோவிலிருந்து லியோனார்தோ எக்ஸ்பிரஸ் 14 யூரோவுக்கு 32 நிமிடத்தில் தெர்மினியில் விடும். எஃப்.எல்.1 என்ற புறநகர் ரயில் 8 யூரோவுக்குத் திபுர்த்தினா போகும், தெர்மினிக்குப் போகாது. ஓர்வியேட்டோ ரயில் எங்கிருந்து என்று பார்த்துக்கொண்டு இதில் ஒன்றைப் பிடித்தால் ரோம் நகருக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

வேலைநிறுத்தம் இத்தாலியில் அபூர்வமல்ல, முன்பே அறிவித்துவிட்டுத்தான் நடத்துவார்கள். வார நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் ஒரு பகுதி ஓடியே தீரவேண்டும் என்பது விதி. அந்த நேரத்துக்குள் பயணத்தை நகர்த்திக்கொண்டால் போதும்.

கார் எடுத்து வருவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பழைய நகரத்தில் வெளியார் வண்டிக்குத் தடையுள்ள பகுதிகள் இருக்கின்றன. கேமரா எண்ணைப் படித்துவிடும். அபராதச் சீட்டு சில மாதம் கழித்து வீட்டுக்கு வரும், வாடகை கார்க்காரர் தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுத்துக்கொள்வார். வந்தே தீருவேன் என்றால் மேற்குப் பக்க அடிவாரத்தில் காம்ப்போ தெல்லா ஃபியேராவில் நிறுத்துங்கள். அங்கிருந்து நகரும் படிக்கட்டும் மின்தூக்கியும் மேலே கொண்டுவிடும்.

5. பாறை ஏறுதல்

ரயில் நிலைய வாசலைத் தாண்டினால் எதிரே மலை ரயில் நிலையம். பழனி மலையில் விஞ்சில் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதே ஏற்பாடு: ஒரு வடம், இரண்டு பெட்டி, ஒன்று ஏற ஒன்று இறங்கும். 1888இல் தண்ணீர் எடையால் ஓடும்படி அமைத்தார்கள். இடையில் நின்றுபோய் 1990இல் மின்சாரத்தில் மீண்டும் தொடங்கியது. சுமார் 580 மீட்டர் தடம், 157 மீட்டர் ஏற்றம், இரண்டு மூன்று நிமிடம். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒன்று. கட்டணம் சுமார் 1.30 யூரோ. அதே சீட்டு மேலே காத்திருக்கும் சிறு பேருந்துக்கும் செல்லும் என்பதைத் தெரியாமல் பலர் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

மேலே இறங்கும் இடம் பியாட்ஸா காஹென். பெட்டியோடு வந்தால் ‘ஏ’ பேருந்து பேராலய வாசலுக்கே போகும். கை வீசி நடப்பவர்களுக்குக் கோர்ஸோ கவூர் வழியாகக் கால் மணி நேரம், லேசான ஏற்றம். தளம் முழுக்கக் கல் பாவியது. மழை நின்ற அரைமணியில் அது வழுக்கும், சக்கரப் பெட்டிக்கும் எமன். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணியும் முதுகுப் பையும்தான் சரி.

6. என்ன பார்ப்பது, எந்த வரிசையில்

முதல் நாள் மதியம்: கிணறு. இறங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பெட்டியை அறையில் போட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள். 1527இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது தப்பி இங்கே வந்த போப் ஏழாம் கிளெமெண்ட், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று அஞ்சி வெட்டச் சொன்னது. அந்தோனியோ த சங்கால்லோ (இளையவர்) வடிவமைத்தார், 1537இல் முடிந்தது. ஆழம் சுமார் 53 மீட்டர், அகலம் 13. சுவருக்குள் இரண்டு சுருள் படிக்கட்டுகள், ஒவ்வொன்றிலும் 248 படி. இரண்டும் எங்கும் சந்திக்காது. வெறும் குடத்தோடு இறங்கும் கோவேறு கழுதையும் நிறைகுடத்தோடு ஏறும் கழுதையும் முட்டிக்கொள்ளாதபடி செய்த கணக்கு. படிகள் கழுதைக்காகவே அகலமாக, தாழ்வாக அமைந்தவை. இறங்க சுகம், ஏற மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படலாம். அடியில் ஒரு சிறு பாலம் உண்டு. அதில் நின்று அண்ணாந்தால் சுவரெங்கும் ஜன்னல்கள், அவற்றில் ஏறுகிறவர்களின் தலைகள் தெரியும். மே மாதத்திலும் அடியில் சில்லென்றிருக்கும். கட்டணம் சுமார் 5 யூரோ. பக்கத்தில் அல்போர்னோஸ் கோட்டையின் தோட்டம் இருக்கிறது, இலவசம். கீழே பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிந்து தெரியும்.

அங்கிருந்து மாலை 4 மணிக்குமேல் பேராலயத்தின் முன் வந்து நில்லுங்கள். உள்ளே போக வேண்டாம், அதற்கு மறுநாள் காலை. முகப்பு மேற்கைப் பார்த்தது. பொன்பின்னணி மொசைக்குகள் சாய்வெயிலில்தான் பற்றியெரியும். பகல் 11 மணிக்கு எடுத்த படமும் மாலை 6 மணிக்கு எடுத்த படமும் வேறு வேறு கட்டடம் போலிருக்கும். 1290இல் போப் நான்காம் நிக்கோலஸ் அடிக்கல் வைத்தார். 1310 முதல் லொரென்ஸோ மைத்தானி பொறுப்பேற்று முகப்பை வளர்த்தார். மேலே பார்த்து முடித்தபின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். கதவுகளுக்கு இடையிலான நான்கு தூண்களிலும் புடைப்புச் சிற்பங்கள். இடது ஓரத்தில் உலகப் படைப்பில் தொடங்கி வலது ஓரத்தில் இறுதித் தீர்ப்பில் முடிகிறது. இடது தூணில் உறங்கும் ஆதாமின் விலாவைத் திறக்கும் விரல்களைப் பாருங்கள். வலது தூணின் அடியில் பாம்பும் பேயும் மனிதரும் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒவ்வொரு வாயும் திறந்திருக்கிறது.

இரண்டாம் நாள் காலை, திறந்தவுடன் (வசந்தத்தில் ஒன்பதரை வாக்கில்) பேராலயத்துக்குள் நுழையுங்கள். ரோமிலிருந்து வரும் குழுக்கள் பத்தரைக்கு மேல்தான் மலை ஏறும். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சுமார் 5 யூரோ, அருங்காட்சியகத்தோடு சேர்த்து எடுத்தால் சற்றுக் கூடும். இடப்பக்கச் சிற்றாலயத்தில் 1263இல் பொல்ஸேனாவில் திருப்பலி அப்பத்திலிருந்து கசிந்த ரத்தம் பட்டதாகச் சொல்லப்படும் துணி இருக்கிறது. வலப்பக்கம் இருப்பது சான் பிரிட்ஸியோ சிற்றாலயம். இந்த ஊருக்கு வருவதற்கே காரணமாக இதைச் சொல்லலாம்.

1447இல் ஃப்ரா அஞ்செலிகோ கூரையில் தொடங்கிவிட்டுப் போய்விட்டார். ஐம்பது ஆண்டு கழித்து, 1499 முதல் 1504 வரை லூக்கா சிஞ்ஞோரெல்லி முடித்தார். உலக முடிவுதான் பொருள். நுழைந்தவுடன் இடப்பக்கம் அந்திக்கிறிஸ்துவின், அதாவது உலக முடிவில் வரும் போலிக் கிறிஸ்துவின், பிரசங்கம். பீடத்தில் நிற்பவர் முகம் இயேசுவைப் போலவே இருக்கும். பின்னாலிருந்து சாத்தான் காதில் ஓதுகிறான். போர்வைக்குள்ளிருந்து வரும் கை யாருடையது என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அந்தப் படத்தின் இடது கீழ் மூலையில் கறுப்புடையில் இருவர்: சிஞ்ஞோரெல்லியும் ஃப்ரா அஞ்செலிகோவும். எதிர்ச் சுவரில் வெள்ளைத் தரையிலிருந்து எலும்புக்கூடுகள் தம்மைத் தாமே பிடுங்கிக்கொண்டு எழுகின்றன. கூரை உயரமானது, சிறிய பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். இவ்வளவு பார்த்த பிறகும் ஓவியரின் பெயர் நினைவில் நிற்கவில்லை என்றால் வருந்த வேண்டாம். உளப்பகுப்பாய்வின் தந்தை ஃப்ராய்டுக்கு ஒருமுறை அதே பெயர் மறந்துபோய், போட்டிச்செல்லி, போல்த்ராஃபியோ என்ற வேறு ஓவியர்கள்தான் நாக்கில் வந்தார்கள். ஏன் மறந்தது என்று அவர் ஒரு கட்டுரையே எழுதினார்.

பேராலயத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், பாதாள ஓர்வியேட்டோவுக்கு இன்னொரு மணி. மென்மையான பாறை என்பதால் ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாக வீட்டுக்கு வீடு கீழே தோண்டியிருக்கிறார்கள். ஆயிரத்துக்கு மேல் குகைகள். வழிகாட்டியோடுதான் விடுவார்கள். பேராலயச் சதுக்கத்திலேயே சீட்டு; ஆங்கிலச் சுற்று நாளைக்குச் சில முறைதான் என்பதால் காலையில் முதல் வேலையாக நேரத்தைப் பதிவு செய்யுங்கள். எண்ணெய் ஆட்டிய செக்கு, எத்ருஸ்கர் வெட்டிய ஒடுக்கமான கிணறுகள், சுவர் முழுக்கப் புறாக்கூடுகள். புறா வளர்த்தது இறைச்சிக்காக. உள்ளே 14, 15 டிகிரி. ஓரிடத்தில் படிக்கட்டு மிகக் குறுகும், மூச்சுமுட்டும் பயம் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மீதி நேரத்துக்கு: 47 மீட்டர் உயர மோரோ கோபுரம் (உச்சியில் நிற்கும்போது மணி அடித்தால் காது அதிரும்), பேராலயத்துக்கு எதிரே ஃபாய்னா அருங்காட்சியகம், மேற்கு விளிம்பில் 1004ஆம் ஆண்டைச் சொந்தம் கொண்டாடும் சான் ஜொவெனாலே ஆலயம். நடக்கப் பிடித்தவர்களுக்குப் பாறையின் அடியைச் சுற்றிவரும் ஐந்து கிலோமீட்டர் பாதை, வழியில் கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கல்லறை வீதி. வாசல் கல்லில் குடும்பத்தின் பெயரை எத்ருஸ்க எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். மழைக்கு மறுநாள் அந்தப் பாதை சேறு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘கார்த்தா ஊனிகா’ என்ற ஒரே சீட்டு உண்டு. நான்கு இடத்துக்குக் குறைவாகப் பார்ப்பவர்களுக்கு அது நஷ்டம், கூட்டிப் பார்த்து வாங்குங்கள்.

7. சீவித்தா: மூன்றாம் நாள் காலை

அரிக்கும் களிமண் குன்றின்மேல் ஒற்றை நடைபாலத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் சிற்றூர் சீவித்தா தி பாஞ்ஞோரேஜோ. அது பக்கத்து மாநிலமான லாட்சியோவில் இருக்கிறது. அதனால் அந்த மாநிலத்தின் கோத்ரால் பேருந்துதான் போகும். உம்பிரியா அட்டவணையில் தேடினால் கிடைக்காது. பியாட்ஸா காஹெனிலும் ரயில் நிலையத்திலும் ஏறலாம், முக்கால் மணி நேரப் பயணம். சீட்டைப் புகையிலைக் கடையில் முன்பே வாங்கி, திரும்புவதற்கும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்றால் திங்கள் முதல் சனி வரை, ‘ஃபெஸ்திவோ’ என்றால் ஞாயிறும் விடுமுறையும், ‘ஸ்கொலாஸ்திக்கோ’ என்றால் பள்ளி நடக்கும் நாள் மட்டும். ஈஸ்டர் வாரத்தில் பள்ளி மூடியிருக்கும். நிறுத்தத்தில் நின்றவர் நின்றபடியே இருக்க வேண்டியதுதான். திரும்பும் பேருந்துகளுக்கு இடையே மணிக்கணக்கில் இடைவெளி விழும் என்பதால், போகும் நேரத்தைவிட வரும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். பேருந்து நிற்கும் பாஞ்ஞோரேஜோவிலிருந்து பாலத்துக்கு அரைமணி நடை. நுழைவு 5 யூரோ. பாலத்தின் கடைசிப் பகுதி செங்குத்து, நிழலே கிடையாது. உள்ளே ஒரு மணி நேரம் போதும்.

8. சாப்பாடு

மதியம் பன்னிரண்டரை முதல் இரண்டரை, இரவு ஏழரை முதல். நடுவில் சமையலறை அடைப்பு. மூன்று மணிக்குப் பசித்தால் பாரில் ரொட்டிதான். ‘கொப்பேர்த்தோ’ என்று ஆளுக்கு 2, 3 யூரோ பில்லில் சேரும்; ஏமாற்று இல்லை, மேசைக்கான வழக்கமான கட்டணம்.

ஊரின் பாஸ்தா உம்பிரிக்கெல்லி, கையால் திரட்டிய தடித்த நூல். காட்டுப்பன்றிக் குழம்போடும் கிடைக்கும், தக்காளி-மிளகாய் அர்ராபியாத்தாவோடும், கறுப்பு ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானோடும் கிடைக்கும். சைவர்களுக்குக் கடைசி இரண்டும் சரி. ரொட்டியில் உப்பு இருக்காது, உம்பிரியாவின் வழக்கம் அது.

சைவர்கள் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பேக்கரியில் நத்தை வடிவில் சுருட்டி வைத்திருக்கும் லுமக்கெல்லா பார்க்க வெறும் பன் மாதிரிதான், உள்ளே பாலாடைக்கட்டியோடு பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். பருப்பு, காய்கறி சூப்புகள் இறைச்சிச் சாற்றில் வெந்திருக்கலாம். பெக்கோரினோ, பார்மிஜானோ பாலாடைக்கட்டிகள் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்று ரென்னெட்டில் உறைந்தவை. ‘சென்ட்சா கார்னே, சென்ட்சா ப்ரோதோ தி கார்னே’ (இறைச்சி வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் சூப் வந்துவிடும்.

9. திரும்பும் நாள்

அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை விடுதியிலேயே விட்டுச் சீவித்தா போய்வரலாம். ரயில் நேரத்துக்கு 45 நிமிடம் முன்பு மேலே பேருந்து பிடித்தால் மலை ரயிலில் இரண்டு முறை தவறவிட்டாலும் சமாளிக்கலாம். அன்றே விமானம் என்றால் மாலை ஆறுக்குப் பிறகான புறப்பாட்டைத்தான் எடுக்க வேண்டும், அதுவும் சீவித்தாவை விட்டுவிட்டு. காலை விமானத்துக்கு ஓர்வியேட்டோவிலிருந்து கிளம்ப முயலாதீர்கள். மலை ரயில் காலை ஏழு மணிக்குப் பிறகுதான் முதல் பெட்டியை இறக்கும். கடைசி இரவை ஃபியுமிச்சினோவிலோ திபுர்த்தினா பக்கமோ வைத்துக்கொள்ளுங்கள்.